முப்பத்தொன்பது பேருக்கு ஒரு பந்தி

"இதெல்லாம் சாதாரண ஜனங்களுக்குப் புரியாதுங்க."

ஓவியக் கண்காட்சி ஒன்றில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலையைச் சில நாட்கள் செய்தேன். அதை நடத்தியவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான். கேட்பவர்களுக்கு மட்டும் சொன்னால் போதும், மற்றவர்கள் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள் என்றார். நான் பார்த்தது வேறு. கல்லூரி மாணவிகள், இடுப்பில் பிள்ளையோடு வந்த பெண்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள் என்று எல்லோரும் ஏதாவது ஒரு படத்தின் முன்னால் நின்றார்கள். ஆனால் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். "இங்கே நாம நிக்கலாமா?" என்ற தயக்கம் அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அவர்களுக்குப் புரியாது என்று முடிவு செய்தவர் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்த்ததில்லை.

பிறகு கலை வரலாறு படிக்கத் தொடங்கியபோது இந்த வாக்கியத்தை எத்தனையோ நகரங்களில், எத்தனையோ மொழிகளில் சந்தித்தேன். அதற்கு ஓர் இரட்டைப் பிறவியும் உண்டு என்று தெரிந்துகொண்டேன். "மக்களுக்கு இவ்வளவு பிடித்துவிட்டதா? அப்படியானால் அது கலையாக இருக்க முடியாது" என்பதே அது. இரண்டும் ஒரே வாசலில் நிற்கும் காவல்காரர்கள் பேசுவது. இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரு சேரச் சுமந்த ஒரு கலைப்படைப்பின் கதையை இங்கே சொல்லப் போகிறேன். அமெரிக்காவில் ஜூடி சிகாகோ உருவாக்கிய 'டின்னர் பார்ட்டி', அதாவது 'விருந்து'. அதை உருவாக்கிய கதை பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிய பெண்களின் கதைதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது.

கண்காட்சிக்கு எதை எடுப்பது, எங்கே வைப்பது, எப்படி விளக்குவது, யாரை அழைப்பது என்று தீர்மானிப்பவரைக் கியூரேட்டர் என்கிறோம். அருங்காட்சியகத்தில் அது ஒரு பதவி. அறையும் நாற்காலியும் சம்பளமும் உண்டு. இந்தக் கதையில் அந்த வேலையைச் செய்த பலருக்கு அந்தப் பதவி இருக்கவில்லை.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1962இல் வெளிவந்து அமெரிக்கக் கல்லூரிகளில் பல ஆண்டுகள் பாடநூலாக இருந்தது ஜேன்சன் எழுதிய கலை வரலாறு. அதன் முதல் பதிப்பில் ஒரு பெண் கலைஞர்கூட இல்லை. 1971இல் லிண்டா நாக்லின் என்ற கலை வரலாற்றாசிரியர், மகத்தான பெண் கலைஞர்கள் ஏன் உருவாகவில்லை என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பெண்களிடம் திறமை இல்லை என்பது அவருடைய பதில் அல்ல. யாருக்குப் பயிற்சி கிடைத்தது, யாரை எந்த வகுப்பறைக்குள் விட்டார்கள், யாருக்கு நேரமும் பணமும் இருந்தது என்று பாருங்கள் என்றார். நிர்வாண உருவத்தைப் பார்த்து வரையப் பழகுவதுதான் பெரிய ஓவியனுக்கான அடிப்படைப் பயிற்சி என்றிருந்த காலத்தில், பெண்களை அந்த வகுப்புக்குள்ளேயே விடவில்லை. பிறகு எப்படிப் பெரிய ஓவியம் வரும்?

ஜூடி சிகாகோ 1939இல் சிகாகோ நகரத்தில் பிறந்தவர். இயற்பெயர் ஜூடித் கோஹன். 1970இல் தகப்பன் பெயரும் வேண்டாம், கணவன் பெயரும் வேண்டாம் என்று பிறந்த ஊரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் பெண்களுக்கென்று ஒரு கலை வகுப்பைத் தொடங்கினார். பிறகு மிரியம் ஷபிரோ என்ற ஓவியருடன் சேர்ந்து கலிஃபோர்னியா கலைக் கல்லூரியில் அதைத் தொடர்ந்தார். அங்கே வகுப்பு நடத்தத் தோதான இடம் இன்னும் தயாராகவில்லை. ஹாலிவுட்டில் இடிக்கப்படவிருந்த பாழடைந்த வீடு ஒன்றை மாணவிகள் பிடித்தார்கள். உடைந்த கண்ணாடிகளை மாற்றி, சுவருக்கு வெள்ளையடித்து, தச்சு வேலை கற்றுக்கொண்டு அதைக் கண்காட்சியாக்கினார்கள். 1972 ஜனவரி இறுதியில் திறந்த அந்தக் காட்சிக்குப் பெயர் 'வுமன்ஹவுஸ்'.

அங்கே சமையலறையின் சுவரிலும் கூரையிலும் பொரித்த முட்டைகள் மெல்ல மெல்ல முலைகளாக மாறின. துணி அலமாரியின் தட்டுகளுக்கு நடுவே ஒரு பெண்ணுருவம் துண்டு துண்டாகச் சிக்கிக் கிடந்தது. வெள்ளை வெளேரென்ற குளியலறையில் மாதவிடாய்த் துணிகள் நிறைந்த கூடை இருந்தது. ஃபெயித் வைல்டிங் என்ற மாணவி நாற்காலியில் ஆடிக்கொண்டே, பிறந்தது முதல் கிழவியாகும்வரை ஒரு பெண் எதற்கெல்லாம் காத்திருக்கிறாள் என்று அடுக்கினார். முதல் நாள் பெண்களுக்கு மட்டும் அனுமதி. அதன்பின் எல்லோரும் வந்தார்கள். ஒரு மாதத்தில் ஏறக்குறைய 10,000 பேர். அந்த வீட்டில் பார்த்ததைப் புரிந்துகொள்ள ஓவியப் படிப்பு தேவைப்படவில்லை. சமையலறையில் நின்ற கால்கள் போதும்.

இந்த அனுபவத்தோடுதான் 1974இல் சிகாகோ 'விருந்து' வேலையைத் தொடங்கினார்.

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பது நம் பழமொழி. இது யாருக்குச் சொன்னது என்று யோசித்திருக்கிறீர்களா? பெண்கள் பந்திக்கு முந்தியதில்லை. இலை போட்டு, பரிமாறி, எச்சில் இலை எடுத்து, சாம்பாரில் காய் தீர்ந்த பிறகு கடைசியில் உட்கார்ந்தவர்கள் அவர்கள். சிகாகோவின் யோசனையும் இதே இடத்திலிருந்துதான் கிளம்பியது. ஏசு தன் சீடர்களோடு உண்ட கடைசி விருந்தை எத்தனையோ ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். 13 பேரும் ஆண்கள். அந்தச் சாப்பாட்டைச் சமைத்தவர்கள் பக்கத்திலிருந்து அதைத் திருப்பிச் சொன்னால் எப்படி இருக்கும் என்று கேட்டார் அவர்.

முக்கோண வடிவில் ஒரு மேசை. ஒவ்வொரு பக்கமும் 48 அடி. பக்கத்துக்கு 13 பேர் வீதம் 39 பெண்களுக்கு இடம். எகிப்தை ஆண்ட ஹட்ஷெப்சுட், கிரேக்கக் கவி சாஃபோ, கணித மேதை ஹைபேஷியா, ஓவியர் ஆர்ட்டமிசியா ஜென்டிலெஸ்கி, வானியலாளர் கரோலின் ஹெர்ஷல், பெண்ணுரிமை எழுத்தாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், அடிமைத்தளையிலிருந்து வெளியேறிப் பெண்ணுரிமைக்காகவும் பேசிய சோஜர்னர் ட்ரூத், வர்ஜீனியா வுல்ஃப் என்று வரிசை போகிறது. படைப்பு முடிந்தபோது அந்த 39 பேரில் உயிரோடிருந்தவர் ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் ஒருவர்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு பீங்கான் தட்டு, கோப்பை, எம்பிராய்டரி செய்த விரிப்பு. அவரவர் காலத்துத் தையல் முறைகளைத் தேடிப்பிடித்து விரிப்புகளில் பயன்படுத்தினார்கள். மேசைக்கு நடுவில் 2,300க்கு மேற்பட்ட வெள்ளைப் பீங்கான் ஓடுகள் பதித்த தரை. அதில் பொன்னிறத்தில் 999 பெயர்கள். அந்த 999இல் ஒருவர் ஆண்! கிரேக்கச் சிற்பி கிரெசிலாஸைப் பெண் என்று தவறாக நினைத்துச் சேர்த்துவிட்டார்கள். பெண்களின் வரலாறு எவ்வளவு மங்கலாகப் பதிவாகியிருந்தது என்பதற்கு இந்தப் பிழையே ஒரு சான்று.

பீங்கானில் பூ வரைவதும் துணியில் பூ தைப்பதும் 'பொம்பளைங்க பொழுதுபோக்கு' என்று ஒதுக்கப்பட்டவை. அருங்காட்சியகச் சுவருக்கு அவை தகுதியில்லை என்பதே அன்றைய எழுதாத சட்டம். சிகாகோ அவற்றையே எடுத்தார். தட்டுகளில் பெரும்பாலானவற்றில் பூவாகவும் பட்டாம்பூச்சியாகவும் விரிவது யோனியின் வடிவம். காலவரிசையில் நவீன காலத்தை நெருங்க நெருங்கத் தட்டின் பரப்பிலிருந்து அந்த வடிவம் மேலெழுந்து புடைக்கிறது.

5 ஆண்டுகளில் சுமார் 400 பேர் இதில் உழைத்தார்கள். தையல் பிரிவுக்கு சூசன் ஹில் பொறுப்பேற்றார். டயான் கெலான் ஆய்வு வேலையைப் பார்த்து, பின்னர் மொத்தத் திட்டத்தின் நிர்வாகத்தையும் சுமந்தார். வியாழக்கிழமை இரவுகளில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து விவாதிப்பார்கள். உழைத்தவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். இந்த விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன்.

1979 மார்ச் 14 அன்று சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 'விருந்து' திறந்தது. அதன் இயக்குநர் ஹென்றி ஹாப்கின்ஸ் துணிந்து இடம் கொடுத்தார். 3 மாதங்களில் ஏறக்குறைய 1,00,000 பேர் வந்தார்கள். அருங்காட்சியகம் என்ற கட்டடத்துக்குள் அதுவரை காலெடுத்து வைக்காத பெண்களும் வரிசையில் நின்றார்கள்.

இவ்வளவு கூட்டம் வந்தால் அடுத்த அருங்காட்சியகம் ஓடிவந்து கேட்க வேண்டுமல்லவா? நடந்தது தலைகீழ். ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தவர்கள் பின்வாங்கினார்கள். சுற்றுப்பயணம் ரத்தானது. தட்டுகளும் விரிப்புகளும் பெட்டிகளுக்குள் போயின. விமர்சகர்களில் பலர் கடுமையாக எழுதினார்கள். 1980இல் ஹில்டன் கிரேமர் நியூயார்க் டைம்ஸில், அது கொச்சையானது, கலையைவிட விளம்பரத்துக்கே பொருந்துவது என்ற பொருளில் எழுதினார். யோனி வடிவம் ஆபாசம் என்றார்கள் சிலர். இவ்வளவு எளிதாகப் புரிவது நல்ல கலையாகாது என்றார்கள் சிலர். 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தபோது எழுந்த கூச்சலை நினைவில் வைத்திருக்கும் நமக்கு இந்தக் குரல்கள் புதியவை அல்ல. பெண்ணுடலை ஆண் வரைந்தால் அழகியல், பெண்ணே தன் உடலைச் சொன்னால் ஆபாசம்!

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி.

ஹூஸ்டன் நகரத்தில் புத்தகக் கடை நடத்திக்கொண்டிருந்தவர் மேரி ராஸ் டெய்லர். அருங்காட்சியகங்கள் காட்டாவிட்டால் நாமே காட்டுவோம் என்று முன்வந்தவர்களில் அவர் முக்கியமானவர். 1980இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் கிளியர் லேக் வளாகத்தில் 'விருந்து' மறுபடியும் விரிந்தது. அதே ஆண்டு பாஸ்டனில் பெண்கள் அதைச் சைக்ளோரமா என்ற வட்டக் கட்டடத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1884இல் ஒரு பிரம்மாண்டமான போர்க்கள ஓவியத்தைக் காட்டுவதற்காகக் கட்டிய இடம் அது. பின்னாளில் அது பூச்சந்தையாகவும் இருந்தது. போர்க்களம் இருந்த இடத்தில், பூ விற்ற இடத்தில், பெண்களுக்கு இலை போட்டார்கள். பிறகு கிளீவ்லண்ட், சிகாகோ என்று அந்தந்த ஊர்ப் பெண்கள் குழு சேர்ந்து வரவழைத்தார்கள். நடுவில் 1980 அக்டோபரில் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் அதைக் காட்டியது. எல்லை தாண்டிக் கனடா, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, ஜெர்மனி, ஆஸ்திரேலியா வரை போனது. 1986இல் ஃபிராங்பர்ட் நகரத்துப் பழைய ஓபரா அரங்கில், இந்தப் படைப்பைத் தங்கள் ஊருக்கு வரவழைப்பதற்காகப் பெண்கள் ஒரு விழா எடுத்தார்கள். தரையில் பெயர் பொறித்த பெண்களைப் போலவே உடையணிந்து வந்தார்கள். 1988இல் மெல்பர்னில் சுற்றுப்பயணம் முடிந்தபோது 6 நாடுகளில் 10 லட்சம் பேருக்குமேல் அதைப் பார்த்திருந்தார்கள்.

இந்தப் பயணத்துக்குள் எவ்வளவு வேலை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 48 அடி முக்கோணம் நிற்கக்கூடிய இடம் தேட வேண்டும். லாரியில் வரும் பெட்டிகளை உடையாமல் இறக்க வேண்டும். வாடகைக்கும் காப்பீட்டுக்கும் பணம் திரட்ட வேண்டும். டிக்கெட் கிழிக்கவும், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லவும் ஆள் வேண்டும். ஊரில் இதை ஏன் காட்ட வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதைத்தானே கியூரேட்டர் வேலை என்கிறோம்? ஆனால் இந்தப் பெண்களை வரலாறு 'ஆர்வலர்கள்', 'ஏற்பாட்டாளர்கள்' என்றுதான் குறித்து வைத்திருக்கிறது. விருந்து நடத்தியவர் பெயர் அழைப்பிதழில் இருக்கும். பந்தி விசாரித்தவர் பெயர் எங்கே இருக்கும்?

இந்த ஏற்பாட்டாளர்கள் அருங்காட்சியகங்கள் அன்று அதிகம் செய்யாத ஒன்றைச் செய்தார்கள். பார்வையாளரைப் பார்ப்பவராக மட்டும் விட்டுவிடவில்லை. 1980இல் ஹூஸ்டன் காட்சியின்போது ஓர் அழைப்பு விடுக்கப்பட்டது. நீங்கள் மதிக்கும் ஒரு பெண்ணுக்காக, பக்கத்துக்கு 2 அடியுள்ள முக்கோணத் துணி ஒன்றைத் தைத்து அனுப்புங்கள். யாரும் அனுப்பலாம், எந்தப் பெண்ணுக்காகவும் அனுப்பலாம். நூற்றுக்கணக்கில் வந்தன. புகழ்பெற்றவர்களுக்கு, தாய்க்கு, பாட்டிக்கு, ஊர்ச் சங்கத்துக்கு என்று தைத்து அனுப்பினார்கள். அடுத்தடுத்த ஊர்களில் 'விருந்து' போன இடமெல்லாம் அவையும் கூடச் சென்று தொங்கின, எண்ணிக்கையும் பெருகியது. 'பன்னாட்டு மரியாதைப் போர்வை' என்று அழைக்கப்படும் அந்தத் தொகுப்பில் 500க்கு மேற்பட்ட முக்கோணங்கள் இன்று லூயிவில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 39 பேரை ஒரு கலைஞர் தேர்ந்தெடுத்தார். இந்த 500 பேரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வு செய்யும் உரிமை வாசலுக்கு இந்தப் பக்கம் வந்த இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இத்தனை பேரை அழைத்தால், வந்தவர்கள் கைதட்டிவிட்டு மட்டும் போகமாட்டார்கள். மேசையைச் சுற்றி நடப்பார்கள். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் இல்லை என்று எண்ணுவார்கள்.

முதலில் எண்ணியவர்கள் கறுப்பினப் பெண்கள். 39 பேரில் கறுப்பின அமெரிக்கப் பெண் ஒருவர்தான், சோஜர்னர் ட்ரூத். மற்றவர்களில் பெரும்பாலோரின் தட்டில் யோனி மலர, அவர் தட்டில் மட்டும் மூன்று முகங்கள். ஒன்று அழுகிறது, ஒன்று சினம் கொள்கிறது, ஒன்று முகமூடி போல இருக்கிறது. எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1979இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இதைச் சுட்டிக்காட்டினார். கறுப்பினப் பெண்ணுக்கும் பெண்ணுடல் உண்டு என்று வெள்ளைப் பெண்களால் கற்பனை செய்ய முடியவில்லையா என்பது அவர் கேள்வியின் சாரம். பிறகு ஹார்ட்டென்ஸ் ஸ்பில்லர்ஸ் என்ற அறிஞரும் இதை விரிவாக எழுதினார். இசையமைப்பாளர் எத்தெல் ஸ்மித்தின் தட்டில்கூட யோனி இல்லை, பியானோதான் இருக்கிறது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் வெள்ளைப் பெண்ணுக்கு மற்ற தட்டுகள் ஏராளம். கறுப்புப் பெண்ணுக்கு இருந்தது ஒன்றே ஒன்று.

நானும் எண்ணினேன். இந்தியாவிலிருந்து அந்த மேசைக்குப் போனவர் காளி. முதல் பக்கத்தில், ஆதி தெய்வங்களின் வரிசையில், இஷ்தாருக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறாள். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு உறுத்தியது. ஐரோப்பாவிலிருந்து கவிகளும் மருத்துவர்களும் ஓவியர்களும் போயிருக்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து ஒரு தெய்வம் போயிருக்கிறது. வாழ்ந்த, படித்த, எழுதிய, போராடிய ஒரு பெண்கூட இல்லை. பெண்ணைத் தெய்வமாக்கிவிட்டு மனுஷியை மறந்துபோவது நம் ஊருக்கு மட்டுமே உரிய பழக்கம் என்று நினைத்திருந்தேன். அது அமெரிக்கப் பெண்ணிய மேசையிலும் நடந்திருக்கிறது. சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் அந்த மேசைக்கு யாருமே போகவில்லை.

இன்னொரு விமர்சனம் உழைப்பைப் பற்றியது. 400 பேர் உழைத்தும் படைப்பு ஒருவர் பெயரில்தானே இருக்கிறது? சம்பளமில்லாமல் பெண்கள் உழைப்பதை எதிர்க்கும் பெண்ணியம், சம்பளமில்லாத பெண்களை வைத்தே பெண்ணியக் கலை செய்யலாமா? உழைத்தவர்களின் பெயரும் படமும் கொண்ட பலகைகளைக் கூடவே வைத்தார்கள் என்பது உண்மை. நூற்றுக்கணக்கான உதவியாளர்களை வைத்து வேலை செய்த ஆண் மேதைகள் பலர் அதைக்கூடச் செய்ததில்லை என்பதும் உண்மை. அங்கே வேலை செய்த பலர், அந்தப் பட்டறையில்தான் தங்களைக் கண்டுகொண்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் கேள்வி அப்படியே நிற்கிறது. பதிலை நான் வைத்துக்கொண்டிருக்கவில்லை. கேள்வியை மறைத்துவிட்டு 'விருந்தை'க் கொண்டாடுவது மட்டும் சரியில்லை என்று தெரிகிறது.

1990இல் நடந்தது இதைவிடச் சிக்கலானது. 'விருந்தை' வாஷிங்டனிலுள்ள கொலம்பியா மாவட்டப் பல்கலைக்கழகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுக்க சிகாகோ முன்வந்தார். பெரும்பாலும் கறுப்பின மாணவர்கள் படிக்கும் அரசுப் பல்கலைக்கழகம் அது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் இதை ஆபாசம் என்று வலதுசாரி உறுப்பினர்கள் பேசினார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் நிதியில் 16 லட்சம் டாலரைக் குறைக்கச் சபை வாக்களித்தது. அதைத் தொடர்ந்து பல்கலைக்கழக மாணவர்களும் வளாகத்தைக் கைப்பற்றிப் போராடினார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் இந்தப் படைப்பு வேண்டாம் என்பதும் ஒன்று. சிகாகோ அன்பளிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இதை எப்படிப் படிப்பது? வலதுசாரி உறுப்பினர்களின் கோபத்தையும் மாணவர்களின் கோபத்தையும் ஒரே கூடையில் போட முடியாது. முன்னவர்களுக்குப் பெண்ணுடல் பிரச்சினை. மாணவர்களுக்கு, பணத்துக்குத் தவிக்கும் தங்கள் கல்லூரியில் அந்தப் படைப்பை வைக்கும் முடிவைத் தங்களைக் கேட்காமலே எடுத்தது பிரச்சினை. ஹூஸ்டனிலும் பாஸ்டனிலும் அந்தந்த ஊர்ப் பெண்கள் கேட்டு வரவழைத்தார்கள். வாஷிங்டனில் மேலிருந்து இறக்கினார்கள். அதே தட்டு, அதே விரிப்பு. அழைத்தவர் யார் என்பதில்தான் வித்தியாசம். பரந்த மக்களுக்கான கலை என்று பேசும் எவரும் இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மறுபடியும் பெட்டிகள், கிடங்கு. 1996இல் லாஸ் ஏஞ்சலஸின் ஹேமர் அருங்காட்சியகத்தில் அமெலியா ஜோன்ஸ் என்ற கலை வரலாற்றாசிரியர் அதை ஒரு பெரிய கண்காட்சியின் நடுவில் வைத்தார். ஆதரவு, எதிர்ப்பு, விமர்சனம் எல்லாவற்றையும் சேர்த்துப் பெண்ணியக் கலை வரலாற்றின் பகுதியாகப் பேசினார். 2002இல் எலிசபெத் சாக்லரின் அறக்கட்டளை அதைப் புரூக்ளின் அருங்காட்சியகத்துக்கு வழங்கியது. 2007இல் அங்கே பெண்ணியக் கலைக்கான மையம் திறந்தது. 'விருந்துக்கு' நிரந்தர இடம் கிடைத்தது. உருவாக்கி முடித்து 28 ஆண்டுகள் கழித்து!

அந்த மையத்தைத் திறந்துவைத்த கண்காட்சி, உலகின் பல நாடுகளைச் சேர்ந்த சமகாலப் பெண் கலைஞர்களைக் கொண்டது. அதை மௌரா ரைலியோடு சேர்ந்து தொகுத்தவர், 1971இல் அந்தக் கட்டுரையை எழுதிய அதே லிண்டா நாக்லின். 2017இல் அதே மையத்தில், 1965 முதல் 1985 வரையிலான கறுப்பினப் பெண் கலைஞர்களின் படைப்புகளை கேத்தரின் மோரிஸும் ருஜேகோ ஹாக்லியும் தொகுத்துக் காட்டினார்கள். ஆலிஸ் வாக்கர் எழுப்பிய கேள்விக்கு அது முழுப் பதில் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரே ஒரு தட்டுக்காகச் சண்டை போட வேண்டியிருந்த இடத்தில், அவர்கள் சொந்தப் பந்தியே போட்டார்கள். முக்கோண மேசை இருக்கும் அதே கட்டடத்தில் அது நடந்தது. விமர்சனம் 'விருந்தை' அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் இடம் கேட்டு வாங்கியது.

மாணவிகளிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது நான் ஒரு சின்ன வேலை கொடுப்பேன். பழைய காலண்டர் தாளை முக்கோணமாக வெட்டிக் கொடுத்து, நீங்கள் பந்தியில் உட்காரவைக்க விரும்பும் ஒரு பெண்ணின் பெயரை எழுதச் சொல்வேன். மூவலூர் ராமாமிர்தம், முத்துலட்சுமி ரெட்டி என்று படித்த பெயர்கள் சில வரும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பெயர்கள் நிறைய வரும். பீடி சுற்றிப் படிக்கவைத்த அத்தை, மூன்றாவது பிரசவத்தில் இறந்துபோன பெரியம்மா, முதன்முதலில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட பக்கத்து வீட்டு அக்கா. எழுதியதைக் கயிறு கட்டி வகுப்பறையில் தொங்கவிடுவோம். துப்புரவு வேலைக்கு வரும் அம்மாவும் ஒருநாள் துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டு ஒரு முக்கோணம் கேட்டு வாங்கி, என்னை எழுதச் சொன்னார். அவருடைய மாமியார் பெயர். "நல்ல மனுஷி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஒருமுறை ஒரு மாணவி வெற்று முக்கோணத்தைக் கொடுத்தாள். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"எங்க ஆயாவுக்காக மிஸ். ஆனா அவங்க பேரு எனக்குத் தெரியாது. எல்லாரும் ஆயான்னுதான் கூப்பிடுவோம்."

அதையும் கயிற்றில் கட்டினோம். மறுநாள் காலை வகுப்பு தொடங்கும் முன்பே அவள் வந்திருந்தாள். ராத்திரி அவள் அப்பாவிடம் கேட்டாளாம். அவருக்கும் சட்டென்று நினைவுக்கு வரவில்லையாம். பழைய ரேஷன் கார்டைத் தேடி எடுத்துப் பார்த்தார்களாம். நாற்காலியில் ஏறி நின்று, கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்காமல், தொங்கிக்கொண்டிருந்த தாளிலேயே அந்தப் பெயரை எழுதினாள்.